கல்லும் கல்க்கும்

காலையில் என் வீட்டு மதிலுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். முப்பது வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு வந்தவனைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று முதல் இரண்டு நாளும் நினைத்து, நல்ல சேர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. நான் மீனுக்குச் சாப்பாடு போடுவதைப் பார்க்க நின்றார்கள். நெடுந்தீவுக்கு நாலு பக்கமும் கடல். இங்கே மீன் பிடிக்கிறவனைத் தெரியும், விற்கிறவனைத் தெரியும். மீனுக்கு நேரம் பார்த்துப் பந்தி வைக்கிறவனை இந்த ஊர் இதற்கு முன் கண்டதில்லை. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றி நின்ற ஒருவர் கேட்டார்: "அண்ணை, உது ஏதும் நேர்த்திக்கடனோ?"

நான் மீன், கீரை, வடிகட்டல் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவருடைய கால் மெல்ல மிதிகட்டைக்கு ஏறுவதைக் கண்டு, "ஓம், அப்பிடித்தான்" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டேன். அடுத்த நாள் ஒரு பெண் சின்னப் பையில் பொரி கொண்டுவந்தார். தன் மகளின் சோதனை நல்லபடி முடிய வேண்டும், மீனுக்குப் போட்டுவிடுங்கோ என்று சொல்லித் தந்துவிட்டுப் போனார். நோர்வேயில் என்னை ஒருவரும் சரியாக விளங்கிக்கொள்வதில்லை என்று முப்பது வருடமாகக் குறைப்பட்டவன் நான். பிழை அந்த மொழியில் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கனடாவிலும் பிரான்சிலும் இருந்து வாசிக்கிற உங்களில் சிலர் இப்போதே, ஓய்வுக்குப் பிறகு அரைவாசி வருடம் ஊர், அரைவாசி வருடம் அங்கே என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வரும்போது ஒரு கெட்டித்தனத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். நோர்வே வீட்டின் நிலக்கீழ் அறையில் எட்டு வருடம் மீனும் கீரையும் ஒன்றாக வளர்த்த கெட்டித்தனம். விஷயம் பெரிதில்லை. மீன் தொட்டியில் உள்ள தண்ணீரை ஒரு சின்ன மோட்டர் மேலே இருக்கும் கல்லுப் பாத்திக்கு ஏற்றும். மீனின் கழிவு கல்லிலே தங்கும். கல்லில் ஒட்டி வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த நஞ்சைப் பசளையாக மாற்றும். கீரை அந்தப் பசளையை உறிஞ்ச, சுத்தமான தண்ணீர் திரும்பவும் மீனிடம் இறங்கும். மண் வேண்டாம். ஆவியாகப் போகிற கொஞ்சத்தைத் தவிர வேறு தண்ணீரும் வேண்டாம். ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று அளவாக இருக்க வேண்டும். மீன் கூடினால் கிருமிகள் திணறும். கீரை கூடினால் கீரை பட்டினி கிடக்கும். கிருமிகள் பெருகுவதற்கு முன் மீனை நிறைத்தால், மீன் தன் கழிவிலேயே கிடந்து சாகும். இவ்வளவும் எனக்கு நல்லாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வளவுக் கிணறு உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், அதுக்கு மேல் எதுவும் ஏலாது. அந்த வீட்டில் தனியாக இருக்கிற என் அக்கா, கூரையில் விழுகிற மாரி மழையைச் சீமெந்துத் தொட்டியில் பிடித்து வைத்து, அதைத்தான் அடுத்த ஐப்பசி மழை வரைக்கும் குடிக்கிறா, சமைக்கிறா. தொட்டிக்கு மூடி, மூடிக்கு மேல் ஒரு கல், கல்லுக்கு மேல் அக்காவின் கண். விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது கோப்பையின் அளவில் அந்த ஆள் எவ்வளவு வேண்டியவர் என்று கண்டுபிடிக்கலாம். அந்தத் தொட்டியில் அரைவாசித் தண்ணீரை என் மீனுக்குக் கேட்டேன்.

"திரும்பி வருமோ?" என்று அக்கா கேட்டா.

"சுத்திச் சுத்தி அதே தண்ணிதான் அக்கா. கீரையா உங்கட சட்டிக்கு வரும்."

"பழுதாப்போனால்?"

"போகாது. எட்டு வருஷமாச் செய்யிறன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "உன்ர கதையை நம்பிக் குடுக்கேல்லை. வள்ளத்தில வாற கீரை வாடிச் செத்து வருது, அதுக்காகத் தாறன். பழுதாப்போனால் நான் இந்த நொந்த முழங்காலோட தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணிக் கிணத்தடிக்குப் போகவேணும். அதை நினைச்சுக்கொள்."

நினைத்துக்கொண்டேன். அது சித்திரை மாதம். மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

இந்த இடத்தில் ஆர்னேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் நின்று இருபது வருடம் மீன் வெட்டியவர். இப்போது பக்கத்து வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு எட்டு வசனத்துக்கு மேல் பேசமாட்டார், அதில் மூன்று காலநிலை பற்றியது. என் நிலக்கீழ் அறையில் மீன்கள் முதல் வருடமே சோர்ந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அங்கே குழாய்த் தண்ணீர் மென்மையானது. நாளாக நாளாக அது புளித்துக்கொண்டு போகும். தண்ணீரின் புளிப்பைப் பார்க்கும் சின்னக் குப்பி மருந்து ஒன்று இருக்கிறது. இரண்டு சொட்டு விட்டால் தண்ணீர் நிறம் மாறும். மஞ்சள் என்றால் புளித்துப் போயிற்று, பச்சை என்றால் நல்லது. எனக்கு எப்போதும் மஞ்சள்தான். ஆர்னே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "லித் கல்க்" என்றார்.

லித் என்றால் கொஞ்சம். அது தெரியும். கல்க் எனக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் நான் படித்த நோர்வேமொழி கத்தி, ஐஸ், பெட்டி, வரி, பனிவழுக்கல் என்ற அளவோடு நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே ஒரு சந்தோசம். கல்! எங்கள் கல்லின் கடைசியில் நோர்வேக்காரர் தங்கள் வழக்கப்படி ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்லுக்கு அவர்களிடம் ஸ்டைன் என்று வேறு சொல் இருப்பது தெரியாமல் இல்லை. எங்களிடம் கல், பாறை, சல்லி என்று இருப்பதுபோல அவர்களுக்கும் இன்னொன்று இருக்கும் என்று விட்டுவிட்டேன். தெரியாத சொல்லை அகராதியில் தேடுவோம். சொந்தக்காரன்போல முகம் காட்டுகிற சொல்லை யாரும் தேடுவதில்லை.

என்னிடம் கல் இருந்தது. ஒருமுறை ஊருக்கு வந்தபோது எங்கள் மதிலில் இருந்து உதிர்ந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், துண்டுகள் கொஞ்சத்தைக் காலுறைக்குள் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். மனைவி கேட்டபோது பெட்டியைப் பூட்டினேன். அதில் ஒரு கை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். நாலைந்து நாளில் தண்ணீர் பச்சை காட்டியது, மீன்கள் கீழே போய் ஓடித் திரிந்தன. ஆர்னேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பார்த்தாயா, கல்க்" என்றார். "கல்" என்றேன் நான். இருவரும் தலையாட்டினோம். எட்டு வருடம் இப்படியே தலையாட்டினோம். எங்கள் ஊர்க் கல்லுக்கு மீனைச் சுகப்படுத்துகிற சக்தி இருக்கிறது என்று தமிழர் வீட்டுக் கொண்டாட்டங்களில் எல்லாம் சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை. ஊரைப் பற்றி நல்லதாகச் சொன்னால் அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆகவே நெடுந்தீவில் பாத்திக்கு என்ன கல் போடுவது என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் மதில் முருகைக்கல், பழைய சுவர் முருகைக்கல், தடுக்கி விழுந்தாலும் முருகைக்கல். நோர்வேயில் ஒரு கை செய்த வேலையை இங்கே இரண்டு பாத்தி நிறையச் செய்யாதா? கழுவிக் காயவைத்து, பாத்தி நிரப்பி, அக்காவின் தண்ணீரைச் சுற்றவிட்டேன். மீன் குஞ்சுக்கு யாழ்ப்பாணப் பக்கம் போனேன். என் தொட்டிக்கு ஐம்பது போதும். வள்ளத்தில் கொண்டுபோகும்போது அரைவாசி செத்துவிடும் என்று குஞ்சு விற்றவர் சொன்னதைக் கேட்டு நூற்றிருபது வாங்கினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. வெயிலில், பொலித்தீன் பைக்குள், பஸ்ஸிலும் வள்ளத்திலும் அடிபட்டு, நூற்றிருபதும் உயிரோடு வந்து இறங்கின.

பக்கத்து வளவில் இருக்கிற மரியதாஸ் என்னோடு படித்தவன். தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"உது திலாப்பியா. சேத்து மீன்."

"நல்ல தண்ணி மீன் எண்டு சொல்லு."

"உதைத் தின்னப்போறியோ, பேர் வைச்சுக் கூப்பிடப்போறியோ?"

"தின்னத்தான்."

"கடல் இஞ்சை கிடக்கு, மச்சான். நீ வீட்டுக்குள்ள தொட்டி கட்டி வைச்சுத் தின்னப்போறாய்." அவன் சிரிக்கக்கூட இல்லை. கடலுக்காக வருத்தப்பட்டவன்போல இருந்தான்.

மூன்றாம் கிழமை கீரையின் புதுத் தளிர்கள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். மீன்கள் விடிந்ததும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. எனக்குப் பழக்கமான காட்சிதான். குப்பி மருந்தை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, நீலம். நோர்வேயில் நான் நீலத்தைக் கண்டதே இல்லை. பச்சை நல்லது என்றால் நீலம் இன்னும் நல்லதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் கூசுகிறது. தண்ணீர் இவ்வளவு நல்லாக இருந்தும் மீன் சோர்கிறது என்றால் கல் காணாது. இன்னும் ஒரு ஓலைக் கடகம் நிறையக் கல்லைக் கொண்டுவந்து மீன் தொட்டிக்குள்ளேயே இறக்கினேன்.

அடுத்த நாள் மூன்று மீன் மிதந்தன. அதற்கு அடுத்த நாள் ஐந்து. தண்ணீரில் ஒரு காரமான மணம் வரத் தொடங்கியது. அக்கா மீன் தொட்டியடிக்கு வந்து, முகத்தைச் சுளிக்காமல் மணந்து பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனா. அன்றைக்கு எனக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பை சின்னது. நோர்வேயில் நிற்கிற மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அக்காவின்ர தண்ணிக்குப் பதில் சொல்லாமல் இஞ்சை வந்திடாதேங்கோ" என்று வைத்துவிட்டா. அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றவேண்டி வந்தால், அறுபத்தைந்து வயது மனுசி, நொந்த முழங்கால், வெயில், கான். நான் மீனைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழி தெரியாமல் பின்னேரம் ஆர்னேக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே அப்போதுதான் மத்தியானச் சாப்பாடு. நீலத் தண்ணீரைக் காட்டினேன். அவர் பாணைக் கடிப்பதை நிறுத்தினார். எவ்வளவு கல்க் போட்டாய் என்று கேட்டார். பெருமையோடு பாத்தி இரண்டையும் காட்டினேன். பிறகு தொட்டிக்குள் கிடந்த கடகம் கல்லை. பிறகு, கல்லுக்குப் பஞ்சமில்லை என்று அவருக்கு விளங்கட்டும் என்று மதிலையும் நிலத்தையும் சுற்றிக் காட்டினேன். ஆர்னே பாணைக் கீழே வைத்தார். தொலைபேசியோடு எழுந்து படியிறங்கிப் போனார். தன் வீட்டு நிலக்கீழ் அறையில், ஒரு வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "கல்க்."

எனக்கு விளங்கவில்லை. சுவரும் கல்லால் கட்டியதுதானே என்று நினைத்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் சொன்னா. நோர்வேமொழியில் ஒரு சொல்லும் தெரியாத அக்கா.

"வெள்ளை அடிச்ச சுவரைக் காட்டுறார். சுண்ணாம்பு எண்டுறார்."

பிறகு பாத்தியைப் பார்த்தா. "முருகைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. அந்த நாளில இஞ்சை சூளை வைச்சுச் சுட்டவை. நீ சுடாமல் போட்டிருக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம்."

நான் ஆர்னேயைப் பார்த்தேன். ஆர்னே என்னைப் பார்த்தார். எட்டு வருடத் தலையாட்டல் முழுவதும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. நோர்வேயில் புளித்த ஏரிகளுக்கே படகில் போய்ச் சுண்ணாம்பு தூவுவார்கள், ஆர்னேயும் அதற்குப் போனவர். அங்கே தண்ணீருக்கு எது குறைவோ அதுதான் எங்கள் மதிலில் இருந்து உதிர்ந்த துண்டில் இருந்தது. இங்கே அதே மருந்தை மலையளவு கொட்டி, அக்காவின் மழைத்தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஆக்கி வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு ஏறின தண்ணீரில் மீனின் கழிவுக்கு நஞ்சு கூடும். கீரைக்கு இரும்புச் சத்து எட்டாது. இதற்கு மேல், ஐம்பது இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுப் பன்னிரண்டு வாய்.

"எட்டு வருஷமாச் செய்யிறாய், என்ன?" என்றா அக்கா. பிறகு குரல் இறங்கியது. "அப்ப, என்ர தண்ணி?"

ஆர்னேயிடம் கேட்டேன். தண்ணீரை ஊற்ற வேண்டாம் என்றார். கல்லை எடு, தீனியை நிறுத்து, மீனை அரைவாசியாக்கு, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதே. அன்றைக்கு அவருடைய எட்டு வசனமும் எனக்கே போயிற்று.

மரியதாசுக்குச் செய்தி மதிலுக்கு மேலால் போய்விட்டது. "சுண்ணாம்புக்குப் புளி விட்டால் சரி" என்றான். "மீனும் கிடக்கு. புளியைக் கரைச்சு விட்டு, தூளைப் போட்டு, கீழ ரண்டு விறகை வைச்சால் பின்னேரம் இறக்கலாம். நான் பாண் வாங்கிக்கொண்டு வாறன்." சொல்லிவிட்டுப் போனவன் பாண் இல்லாமல் இரண்டு சாக்கு நிறையக் கிழிந்த பழைய வலையோடு வந்தான். வலையைச் சுருட்டி ஒரு பீப்பாவுக்குள் அடைத்து, தண்ணீரை அதற்குள்ளால் விட்டால் கழிவு அதிலே தங்கும், கிருமியும் ஒட்டும். இப்படி ஒரு வடிகட்டியை நோர்வேயில் கடையில் வாங்கப் பார்த்து, விலையைக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். பாத்திக்கு, கூரை மாற்றினபோது அக்கா குசினிக்குப் பின்னால் அடுக்கி வைத்த பழைய ஓடுகளை உடைத்துப் போட்டோம். சுட்ட மண் தண்ணீரோடு எந்தச் சோலிக்கும் போகாது. கல்லில் பிடித்திருந்த வழுவழுப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி வலையில் ஊற்றினேன். கிருமிகளுக்கும் வீடு மாற்றும்போது தட்டுமுட்டுச் சாமான் வேண்டும்.

"ஊத்தையைக் கழுவி எடுத்து ஊத்தையை வைக்கிறாய்" என்றா அக்கா. சவர்க்காரத்தோடு நின்றா.

"அந்த ஊத்தைதான் அக்கா வேலை செய்யிறது."

"இந்த வீட்டில அதாவது செய்யுது."

மிஞ்சிய மீனை என்ன செய்வது என்பதுதான் கடைசிக் கேள்வி. யாரும் வாங்க மாட்டார்கள். சேற்று மீன். உவர்க் கிணற்றில் விடச் சொன்னது மரியதாஸ். "உந்த இனம் உவருக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரேயடியா விடாதை, பழக்கி விடு." அறுபதைப் பிடித்து வேறு தொட்டியில் விட்டு, ஒரு நாளைக்கு நாலு வாளி கிணற்றுத் தண்ணீராக, ஐந்து நாள் உவரை ஏற்றினேன். ஒவ்வொரு வாளிக்குப் பிறகும் அவை கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், பிறகு ஓடும். என்னை ஒருவரும் இப்படிப் பழக்கவில்லை. ஒரு தை மாதம், இரவல் கோட்டோடு, விமானத்தில் இருந்து நேரே பனிக்குள் கொட்டினார்கள். ஆறாம் நாள் அறுபதையும் கிணற்றில் இறக்கியபோது அக்கா எட்டிப் பார்த்து, "நுளம்புக் குஞ்சையாவது தின்னட்டும்" என்று அனுமதி கொடுத்தா.

அந்தக் கிழமை முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் இரண்டு சொட்டு, தினமும் நீலம். பிறகு நீலத்துக்குள் ஒரு கலங்கல். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, விடிந்ததும் போய்ப் பார்த்தால் தண்ணீருக்கு மேல் ஒரு வாயும் இல்லை. எல்லாம் செத்துக் கீழே போய்விட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அடியில் திரிகின்றன. சொட்டு விட்டேன். பச்சை. நல்ல, சாதாரணமான, பாடசாலைச் சுவர் நிறத்துப் பச்சை. குப்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அக்கா குப்பியை நம்பவில்லை. எவர்சில்வர் பேணியைக் கொண்டுவந்து, ஓட்டுப் பாத்தியில் இருந்து விழுகிற தண்ணீரில் பிடித்து, மூக்கடியில் வைத்தா.

"மணக்கேல்லை" என்றா.

அவ்வளவுதான். பேணித் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினா, ஒரு துளியும் வெளியே சிந்தாமல். அடுத்த மாதம் பொன்னாங்காணி கருத்து வளர்ந்து நின்றது. அக்கா முதல் பிடியை ஆய்ந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து, "உப்பு நான் போட்டது, மிச்சமெல்லாம் என்ர தண்ணி" என்று மரியதாசுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினா. அன்றைக்கு வந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நெஞ்சில் இருந்த ஒரு கடகம் கல் இறங்கிவிட்டது. மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். "சரி, அப்ப எப்ப வாறியள்?" என்று கேட்டா.

அதற்குப் பதிலைப் போன கிழமை யோசித்துக்கொண்டு குளிக்க அள்ளினேன். வாளியோடு ஒரு மீன் வந்தது. கிணற்று மீன். தொட்டி மீனைவிடக் கொஞ்சம் கருத்திருந்தது, முதுகு தடித்திருந்தது. ஒரே பையில், ஒரே வள்ளத்தில் வந்தவைதான் இரண்டும். இதைத் தொட்டியில் விட்டால் நல்ல தண்ணீர், நேரத்துக்குத் தீனி, ஆனால் திரும்பவும் வாளி வாளியாகப் பழக வேண்டும். கிணற்றில் விட்டால் உவர், இருட்டு, ஆனால் பழகிவிட்டது. தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றேன்.

"என்ன பாக்கிறாய்?" அக்கா குசினி வாசலில் இருந்து கேட்டா.

"இதை எங்கை விடுறதெண்டு யோசிக்கிறன்."

"அது உன்னட்டைக் கேட்டதே?"

குனிந்து பார்த்தேன். மீன் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பியது. பிறகு கிணற்றுப் பக்கம். அரை வாளித் தண்ணீருக்குள் எந்தப் பக்கமும் இரண்டு சுழியில் முடிந்துவிடுகிறது, அது சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டா. வாளி கனத்தது. நான் கையை மாற்றிப் பிடித்தேன்.